கொச்சங்காடிக்கு மாதம் எப்போது பிறக்கிறது?

மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டில் அன்று உலை வைக்கலாமா என்பதை ஓர் உலோக வில்லை முடிவுசெய்த காலம் உண்டு. அதற்குச் 'சாப்பா' என்று பெயர். விடிகாலையிலேயே துறைமுகத்தில் கூலிக்கு ஆட்கள் வந்து குவிவார்கள். ஆள் எடுக்கும் மூப்பன் கையிலிருக்கும் வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். முட்டி மோதிப் பொறுக்கியவனுக்கு அன்று சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. கிடைக்காதவன் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இந்த முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். ராஜீவ் ரவியின் 'துறமுகம்' படம் (2023) சொல்வது இந்தக் கதையைத்தான். கொடி, கோஷம், ரத்தம் எல்லாம் அதில் வருகின்றன. எனக்கு ஓடிய கேள்வி வேறு. வில்லை கிடைக்காத நாளில் அந்த வீட்டுப் பெண் எந்தக் கணக்கை வைத்துக் குடும்பத்தை ஓட்டினாள்?

கொச்சங்காடி மட்டாஞ்சேரியை ஒட்டிய நெருக்கமான குடியிருப்பு. இன்று கொச்சி மாநகராட்சியின் ஒரு டிவிஷன். பழம்பெருமைக்குப் பஞ்சமில்லை. யூதர்கள் இங்கே 1344-இல் எழுப்பிய ஜெபாலயத்தின் கல்வெட்டு இப்போது பரதேசி ஜெபாலயத்தில் இருக்கிறது. செம்பிட்டப் பள்ளி 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுற்றிலும் மலையாளிகளோடு கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழர்கள். ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் தோபிகானாவில் இன்றும் துணி வெளுப்பவர்கள் நம்மூர் வழி வந்த வண்ணார் குடும்பங்கள்தான். இவற்றையெல்லாம் எழுதிய புத்தகங்கள் உண்டு. அடுப்படிக் கணக்கை எழுதியவர்கள்தான் குறைவு. கேரளத்தில் அதைச் செய்தவர்களில் லீலா குலாத்தி முக்கியமானவர். உழைத்துப் பிழைக்கும் ஐந்து ஏழைப் பெண்களின் வாழ்க்கையை வரவு செலவோடு 1981-இல் அவர் புத்தகமாக்கினார்.

பட்ஜெட் என்றதும் இப்போது எல்லோரும் சொல்வது 50-30-20 சூத்திரம். அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் எழுதிய புத்தகத்தால் பரவியது. வருமானத்தில் பாதி அவசியத்துக்கு, 30 சதவீதம் ஆசைக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு. குறை சொல்ல முடியாத சூத்திரம். ஆனால் அதைப் போட முதலில் ஒரு மாதம் வேண்டும். ஒன்றாம் தேதி என்று ஒன்று வேண்டும். சாப்பா பொறுக்கிய வீட்டுக்கு எது ஒன்றாம் தேதி? பங்களாதேஷ், இந்தியா, தென்னாப்பிரிக்காவின் ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை நாட்குறிப்பு போலப் பதிந்து, 2009-இல் 'போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் த பூர்' என்று ஒரு புத்தகம் வந்தது. நாளுக்கு இரண்டு டாலர் வருமானம் என்றால் தினமும் இரண்டு டாலர் வருகிறது என்று பொருளல்ல. அது வெறும் சராசரி. இன்று பத்து வரும், அப்புறம் நான்கு நாள் ஒன்றும் வராது. குறைவாக வருவது மட்டுமல்ல, எப்போது வரும் என்று தெரியாததும் கொடுமைதான் என்கிறது அந்தப் புத்தகம். கொச்சங்காடியின் அன்றையையும் இன்றையையும் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் எனக்கு விளங்குகிறது.

அன்றைய ஏற்பாடுகளில் முதலாவது மளிகைக் கடையின் பற்றுப் புத்தகம். "இக்கா, பற்றில் எழுதிக்கோ" என்றால் அரிசியும் எண்ணெயும் வீட்டுக்கு வந்துவிடும். நம்மூரில் அண்ணாச்சி கடை நோட்டு என்ன செய்ததோ அதேதான். கப்பல் வந்து இரண்டு வாரம் தொடர்ந்து வேலை இருந்தால் பற்று குறையும், இல்லையென்றால் ஏறும். கடைக்காரருக்குத் துறைமுகத்தின் நிலவரம் தெரியும், அதனால் பொறுப்பார். விலையில் கொஞ்சம் கூட வைத்துத்தான் அந்தப் பொறுமையை விற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கொடுக்க வேண்டிய பணத்துக்குத் தேதி கிடையாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வரவு எப்படி நெளிந்ததோ அப்படியே செலவும் நெளிந்து கொடுத்தது.

இரண்டாவது பிடியரி. சோறு வைக்க அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. சாவற குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சன் 19ஆம் நூற்றாண்டில் ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக இதையே ஊர்ப்பழக்கமாக ஆக்கினார் என்பார்கள். வீட்டளவில் அது கர்க்கிடகத்துக்கான காப்பு. நமக்கு ஆடி மாதம். அங்கே மழை கொட்டி, கடலும் கூலியும் ஓய்ந்துபோகும் பஞ்ச மாதம். காசாகச் சேர்த்தால் யாராவது கேட்பார்கள், கணவன் எடுப்பான். அரிசியாகச் சேர்த்தால் அந்த ஆபத்து இல்லை.

மூன்றாவது குறி. தமிழ்நாட்டில் சீட்டு என்றும் கேரளத்தில் குறி, சிட்டி என்றும் சொல்வது ஒன்றைத்தான். இருபது பேர் மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டால் ஒரு லட்சம் சேரும். அவசரம் உள்ளவர் 30,000 தள்ளுபடி சொல்லி 70,000-க்கு ஏலம் எடுக்கிறார் என்று வையுங்கள். அந்த 30,000-இல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மிச்சம் 25,000, இருபது பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 1,250 வரும். இதை அங்கே வீதப்பலிசை என்பார்கள். அந்த மாதம் கட்ட வேண்டியது 3,750-தான். கடன் வேண்டியவருக்கு அது கடன், பொறுத்திருப்பவருக்குச் சேமிப்பு. வங்கி எட்டாத இடத்தில் ஒரே ஏற்பாடு இரண்டு வேலையும் பார்த்தது. கொச்சி சமஸ்தானம் கொல்லம் ஆண்டு 1107-இலேயே, அதாவது 1931-32 வாக்கில், குறிகளுக்கென்று தனிச்சட்டம் போட்டுவிட்டது. தமிழ்நாட்டின் சீட்டுச் சட்டம் வந்தது 1961-இல்.

மொத்தமாகக் குறியை எடுத்து என்ன செய்தார்கள்? கல்யாணம், நகை என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். மேற்குக் கொச்சியில் இன்னொன்றும் உண்டு: பணயத்துக்கு வீடு எடுப்பது. நம் ஒத்தி வீடு மாதிரிதான். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை; காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்ப வரும். மாத வருமானம் நிச்சயமில்லாதவருக்கு மாத வாடகை என்பது கழுத்துக் கயிறு. ஒருமுறை எப்படியாவது குறியை எடுத்து, நகையை விற்று, அந்தக் கயிற்றை அறுத்துவிட்டால் மழைக்காலத்தில் கூரை மட்டும் நிச்சயம். பொருளாதாரம் படித்தவர்கள் வட்டியில்லாமல் பணம் முடங்கிக் கிடப்பதாகச் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் வட்டியை விட நிச்சயம் பெரிது என்று தெரிந்தே போட்ட கணக்கு அது.

இதையெல்லாம் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பற்று ஏறிப் போனால் நகை சேட்டு கடைக்குப் போகும். போனது பல வீடுகளில் திரும்பியதில்லை. குறி நடத்துபவன் ஓடிப்போனால் கேட்க நாதியில்லை. வங்கியில் போட்டவர்களும் தப்பவில்லை. 1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. கேரளத்துச் சாதாரணக் குடும்பங்கள் பல அதில் பணத்தை விட்டுப் புலம்பின. அந்த அடிதான் நாடு முழுவதுக்குமான வைப்புத்தொகைக் காப்பீட்டைக் கொண்டுவரப் பெரும் காரணமாயிற்று. 1961-இல் சட்டம், 1962-இல் நடைமுறை. அப்போது ஒரு வங்கியில் பணம் போட்ட ஒருவருக்குக் காப்பு 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். உங்கள் பாஸ்புக்கில் இருக்கும் வைப்புத்தொகைக் காப்பீட்டு முத்திரைக்குப் பின்னால் ஒரு மலையாளிக் கண்ணீர் இருக்கிறது. தொடக்கநிலைக் கூட்டுறவுச் சங்கங்களில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பு இன்றும் இல்லை. 2021-இல் திருச்சூர் கருவன்னூர் கூட்டுறவு வங்கி மோசடி வெளியானபோதுதான் பலருக்கு அந்த வித்தியாசமே உறைத்தது.

சாப்பா முறை போய், துறைமுகத் தொழிலாளர் வாரியம் வந்து, வேலைக்கும் கூலிக்கும் ஒழுங்கு ஏற்பட்டது. 1978-இல் கேரளம் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடைக்காரர் கூலியை நலவாரியத்தில் கட்ட வேண்டும். வாரியம் தொழிலாளிக்குக் கொடுக்கும், போனஸ், மருத்துவ உதவிக்கென்று பிடித்தமும் வைக்கும். மூட்டை தூக்குபவன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூலிக்கு ஒரு தேதி வந்தது. வேலை செய்யாமலே கேட்கும் நோக்குக்கூலி, சங்கச் சண்டை என்று அதற்கு வேறொரு முகமும் உண்டு; அது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல.

இன்னொரு தேதி கடல் கடந்து வந்தது. 1970-களில் வளைகுடாவுக்குப் போனவர்கள் அனுப்பிய டிராஃப்ட். தபால்காரர் வரும் நாள்தான் வீட்டுக்கு ஒன்றாம் தேதி. கணவன் அங்கே, கணக்கு இங்கே. லீலா குலாத்தியே 1993-இல் இந்தப் பெண்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். வங்கிக்குள் கால் வைத்திராதவர்கள் கையெழுத்துப் போடவும், டெபாசிட் புதுப்பிக்கவும், மாமியாருக்கு எவ்வளவு, வீட்டு வேலைக்கு எவ்வளவு என்று பிரிக்கவும் கற்றுக்கொண்ட காலம் அது. மட்டாஞ்சேரியின் குடும்ப பட்ஜெட் என்ற ஒன்று தாளில் ஏறியது அப்போதுதான் என்பது என் அனுமானம்.

அரசும் கணக்கில் புகுந்தது. 1967-இல் லாட்டரி தொடங்கியது. அன்று டிக்கெட் ஒரு ரூபாய், இன்று 50. நாளுக்கொன்று வாங்குபவருக்கு மாதம் 1,500 போகிறது. எந்த வீட்டு பட்ஜெட்டிலும் அந்த வரி எழுதப்படுவதில்லை. 1969-இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு அரசின் சிட்டி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. பிறந்தது, இரண்டு லட்ச ரூபாய் மூலதனத்தில், பத்துக் கிளைகளோடு. அரசே சிட்டி நடத்துவது நமக்கு வியப்பாக இருக்கலாம். தமிழ்நாட்டில் சீட்டுக் கம்பெனி ஓடிப்போன செய்தி கேட்டுப் பழகிய காதுக்குப் பொறாமையாகவும் இருக்கும்.

பெண்களின் கையில் கணக்கு உறுதியாக வந்தது 1998-க்குப் பிறகு. ஆலப்புழையில் 1990-களின் தொடக்கத்தில் செய்து பார்த்த மாதிரியை வைத்துக் குடும்பஸ்ரீ தொடங்கியது. பத்திலிருந்து இருபது வீடுகள் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்குச் சின்னத் தொகை, பத்தோ இருபதோ, பாஸ்புக்கில் ஏறும். சேர்ந்த பணத்திலிருந்து அவர்களுக்குள்ளேயே கடன். இன்று கேரளம் முழுக்க 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்கூட்டங்கள் இருக்கின்றன. இதன் சூட்சுமம் தொகையில் இல்லை. மாதம் என்று வைக்காமல் வாரம் என்று வைத்ததில் இருக்கிறது. மிளகு, சுக்கு கிடங்குகளில் நாள்கூலிக்குப் பொறுக்கவும் காயப்போடவும் போகும் பெண்ணிடம் மாதக் கடைசியில் ஐம்பது ரூபாய் கேட்டால் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பத்து ரூபாய் கேட்டால் இருக்கும்.

இப்போது இன்றைக்கு வருவோம். வருமானம் கூடியிருக்கிறது, மறுக்க முடியாது. ஒரே வீட்டில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் ஹோம்ஸ்டேயில் அறை சுத்தம் செய்கிறார், மகன் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான், மகள் எறணாகுளம் துணிக்கடையில் நிற்கிறாள். நான்கு பேர் சம்பாதிக்கிறார்கள். ஆனால் இந்த நால்வரில் மகள் ஒருத்திக்கு மட்டுமே மாதச் சம்பளம். ஆட்டோவுக்கு நாள் கணக்கு, டெலிவரிக்கு வாரக் கணக்கு, ஹோம்ஸ்டேக்குச் சீசன் கணக்கு. டிசம்பரில் பினாலே கலைவிழாவும் புத்தாண்டும் சேர்ந்தால் ஃபோர்ட் கொச்சியில் கால் வைக்க இடமிருக்காது. ஜூனில் அதே தெருவில் மழை மட்டும் நடமாடும்.

வரவு இன்றும் தேதி இல்லாமல்தான் வருகிறது. மாறியது செலவு. வண்டித் தவணை 5ஆம் தேதி, செல்போன் தவணை 3ஆம் தேதி, குழு லோன் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், சிட்டி மாதத்தின் நடுவில், கேபிளும் இன்டர்நெட்டும் அதனதன் நாளில். பற்றுப் புத்தகக்காரர் முகம் பார்த்துப் பொறுப்பார். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு முகம் தெரியாது. 5ஆம் தேதி காலையில் 40 ரூபாய் குறைந்தாலும் தவணை திரும்பிவிடும். பல நிறுவனங்களில் அதற்கு 500 ரூபாய் அபராதமும் ஜிஎஸ்டியும்; வங்கி தன் பங்குக்குத் தனியாக ஒன்று. 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டப்படி, பணம் இல்லாமல் அப்படித் திரும்புவது காசோலை திரும்புவதைப் போலவே வழக்குக்கு உரியது. அன்று மாலையே ஆட்டோவில் 800 ரூபாய் வந்திருக்கும். ஆனால் அந்த நேரத்துக்கு மதிப்பில்லை.

அந்த ஒரு நாளைச் சமாளிக்கத்தான் பிளேடுக்காரர் வருகிறார். கேரளத்தில் கந்துவட்டிக்கு அதுதான் பெயர். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. நமக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல. நம் தண்டல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் 9,000 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். கேட்கச் சாதாரணம், ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 75 சதவீதத்தைத் தாண்டும். ஆனாலும் மக்கள் அதை ஏன் எடுக்கிறார்கள் என்பதற்கு விடை வட்டியில் இல்லை, 'நாளுக்கு 100' என்பதில் இருக்கிறது. அவர்களுடைய வரவு வரும் விதத்தோடு பொருந்துவது அந்தக் கடன் ஒன்றுதான். 2014-இல் கேரள போலீஸ் 'ஆபரேஷன் குபேரா' என்று பிளேடுக்காரர்களைத் தேடித்தேடிப் பிடித்தது. கொஞ்ச நாள் அடங்கினார்கள். 2018-இல் பாலக்காட்டில் தொடங்கிய 'முற்றத்தே முல்லை' திட்டம் என் பார்வையில் அதைவிடப் புத்திசாலித்தனமானது. கூட்டுறவு வங்கிப் பணத்தை அயல்கூட்டப் பெண்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் ஆயிரத்திலிருந்து 25,000 வரை கடனாகக் கொடுத்தார்கள். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், வசூல் வாராவாரம், அதிகபட்சம் 52 வாரம். பிளேடுக்காரரின் வசூல் முறையை வைத்துக்கொண்டு வட்டியை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

நுண்கடன் கம்பெனிகளுக்கு 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு உட்பட்ட வருமானமுள்ள வீட்டில், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. டிசம்பரின் மாத வருமானமா, ஜூனின் மாத வருமானமா என்று மட்டும் கேட்கக் கூடாது.

தங்கத்தின் கதையும் மாறிவிட்டது. அன்று அது கடைசிப் புகலிடம், அடகு வைப்பது வெட்கம். இன்று கொச்சியையே தலைமையிடமாகக் கொண்ட தங்கக் கடன் நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன, வெட்கம் போய் வசதியாகிவிட்டது. 2025 முடிவதற்குள் ஒரு பவன் ஒரு லட்சத்தைத் தாண்டியதும் இரண்டு விளைவுகள். பழைய வளையலுக்கு முன்னைவிட அதிகக் கடன் கிடைக்கிறது. புதிய வளையல் வாங்க முடிவதில்லை. நகைக்கடையின் பதினோரு மாதத் திட்டத்தில் முன்பு ஒரு பவனுக்குக் கட்டியவர் இப்போது அதே பணத்தில் கால் பவனை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

எழுதும் பழக்கமும் போயிற்று. யூபிஐ வந்தபின் செல்போனில் ஒவ்வொரு டீயும் பதிவாகிறது. இவ்வளவு துல்லியமான கணக்கு எந்தப் பாட்டியிடமும் இருந்ததில்லை. ஆனால் பற்றுப் புத்தகத்தைக் கடைக்காரரும் வீட்டுக்காரியும் சேர்ந்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். போனில் இருப்பதை யாரும் கூட்டுவதில்லை. 2022-23-இல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத சரிவு. பண்டிதர்கள் இளைஞர்களின் ஊதாரித்தனத்தைக் காரணம் காட்டினார்கள். கொச்சங்காடியில் இருந்து பார்த்தால், சேமிக்க வேண்டிய பணம் தவணையாக முன்கூட்டியே போய்விடுகிறது. கடனில் வாங்கிய ஆட்டோவும் ஒருவகைச் சேமிப்புதான். பைக்கும் அப்படித்தான், அது சாப்பாடு சுமக்கும் வரை.

கேரளத்தில் இந்த நெருக்கடி முழுவதும் வந்து மோதும் இடம் ஜூன். ஒன்றாம் தேதி பள்ளி திறக்கும். சீருடை, பை, குடை, நோட்டு எல்லாம் ஒரே வாரத்தில். அதே நாட்களில் பருவமழை இறங்கும். 9ஆம் தேதி நள்ளிரவு தொடங்கி 52 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பக்கத்துத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் அடங்கும், ஐஸ் உடைப்பவர் முதல் கூடை சுமப்பவர் வரை சும்மா இருப்பார்கள். மீனவர்களுக்கு மட்டும் இதற்கென்று ஒரு சேமிப்புத் திட்டம் இருக்கிறது. அவர்கள் 1,500 கட்டினால் மாநிலம் ஒரு 1,500, மத்திய அரசு ஒரு 1,500 சேர்த்து, 4,500 ரூபாயாகப் பஞ்ச மாதங்களில் திருப்பிக் கொடுக்கிறார்கள். தொகை சின்னது. யோசனை சின்னதல்ல: கை நிறைய வரும்போது கொஞ்சம் பிடித்து, வராதபோது கொடுப்பது.

ஆட்டோக்காரருக்கும் ஹோம்ஸ்டே பெண்ணுக்கும் அதே ஜூன்தான், ஆனால் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அயல்கூட்டங்கள் இதைத் தாங்களே செய்துகொள்ள முடியும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் வாரச் சேமிப்பை இரட்டிப்பாக்கி, அந்தக் கூடுதலை மே கடைசி வாரத்தில் பிரித்துக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. ஓணத்துக்கு ஃபண்டு பிடிக்கத் தெரிந்த ஊர் அது. கடன் கொடுப்பவர்களிடம் கேட்க வேண்டியது இன்னொன்று: ஆண்டுக்குப் பன்னிரண்டு தவணைக்குப் பதில் பத்து. ஜூனும் ஜூலையும் விடுமுறை, மீதிப் பத்து மாதத்தில் சற்றுக் கூடுதலாகக் கட்டலாம். பயிர்க்கடனுக்கு அறுவடையைப் பார்த்துத் தவணை வைக்கிற வங்கிகளுக்கு இது புரியாத கணக்கு அல்ல. மட்டாஞ்சேரிக் கிளைகளில் அதைக் கேட்கும் படிவம்தான் இல்லை.